ஷெல் ஸ்கிரிப்டில் கட்டளைக்குள் கட்டளை: மேற்கோளும் எக்ஸிட் ஸ்டேட்டஸும்

ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கட்டளைக்குக் கொடுக்க $( ) இருக்கிறது. அதற்குள் இன்னொரு $( ) வைத்தால் ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) உள்ளே இருப்பதை முதலில் ஓட்டி, வந்த விடையை வெளிக்கட்டளையிடம் தரும். ஒரு நிரல் இருக்கும் டைரக்டரிக்குப் போவதை எடுத்துக்கொள்வோம். 'கமாண்ட் -வி' நிரலின் பாதையைத் தரும், 'டிர்நேம்' அந்தப் பாதையிலிருந்து டைரக்டரியை மட்டும் எடுத்துத் தரும், 'சிடி' அங்கே போகும். (இங்கே பெயர்கள் உச்சரிப்புப்படி உள்ளன, டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடியுங்கள்.)

சிடி "$(டிர்நேம் "$(கமாண்ட் -வி நிரல்)")"

இரண்டாவது மேற்கோள் முதலாவதை மூடிவிடுமோ என்று பலரும் பயந்து உள்மேற்கோளை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். ஒவ்வொரு $( திறக்கும்போதும் மேற்கோள் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. வெளிமேற்கோள் உள்ளே இருப்பதைக் காக்காது. உள்மேற்கோள் இல்லாமல் பாதையில் ஒரு இடைவெளி வந்தால் போதும், டிர்நேமுக்கு ஒரு பாதைக்குப் பதில் இரண்டு துண்டுகள் போகும்.

இதைவிட ஆபத்தானது சத்தமில்லாத தோல்வி. நிரல் கிடைக்காவிட்டால் உள்கட்டளை வெற்றாகத் திரும்பும். வெற்றுச் சரத்துக்கு டிர்நேம் தரும் விடை ஒரு புள்ளி, அதாவது இப்போது நிற்கும் டைரக்டரி. சிடி அங்கேயே "போய்" 0 தரும். இது எக்ஸிட் ஸ்டேட்டஸ், அதாவது கட்டளை முடியும்போது ஷெல்லுக்குத் தரும் எண்; 0 என்றால் வெற்றி. அடுத்த வரி கோப்புகளை அழிப்பதாக இருந்தால், அழிவது தவறான இடத்தில். கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் -ஈ' போட்டிருந்தாலும் பிடிபடாது. ஷெல் பார்ப்பது சிடியின் ஸ்டேட்டஸை மட்டும்தான். எனவே தோல்வி முக்கியமான இடத்தில் பிரித்தே எழுதுங்கள் (|| இடப்பக்கம் தோற்றால் மட்டும் வலப்பக்கத்தை ஓட்டும்):

இடம்=$(கமாண்ட் -வி நிரல்) || எக்ஸிட் 1
அடைவு=$(டிர்நேம் "$இடம்") || எக்ஸிட் 1
சிடி "$அடைவு" || எக்ஸிட் 1

மாறிக்கு மதிப்பு கொடுப்பது மட்டும் உள்ள வரியில் உள்கட்டளையின் ஸ்டேட்டஸே வரியின் ஸ்டேட்டஸாகும். அதே வரியில் மாறியை அறிவிக்கும் 'லோக்கல்' அல்லது 'எக்ஸ்போர்ட்' கட்டளையைச் சேர்த்தால் அவற்றின் 0 அதை மறைத்துவிடும். மாறியை முதல் வரியில் அறிவித்து, அடுத்த வரியில் மதிப்பு கொடுங்கள்.

பழைய ஸ்கிரிப்டுகளில் $( )-க்குப் பதில் பேக்டிக் (` குறி) இருக்கும். அதை அடுக்க, உள்ளே முதல் அடுக்குக்கு 1 பேக்ஸ்லாஷ், அடுத்ததற்கு 3, அதற்கடுத்து 7 வேண்டும். கை வைக்க நேர்ந்தால் $( )-க்கு மாற்றிவிடுங்கள். பாசிக்ஸ் என்ற பொதுத் தரநிலையைப் பின்பற்றும் ஷெல்கள் அனைத்திலும் ஓடும். மாற்றும்போது உள்ளிருக்கும் பேக்ஸ்லாஷ்களையும் சரிபாருங்கள், பேக்டிக்குக்குள் டாலருக்கு முன் நிற்கும் பேக்ஸ்லாஷை ஷெல் ஒருமுறை கூடுதலாக விழுங்கும்.

சப்ஷெல்லின் (கட்டளைகளைத் தனியாக ஓட்டும் துணை ஷெல்) அடைப்பு $( )-க்குள் முதலிலேயே வந்தால் நடுவே இடைவெளி விடுங்கள்: $( ( … ) ). ஒட்டிவிட்டால் கணக்குப் போடும் $(( )) என்று ஷெல் எடுத்துக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு அடுக்கும் வெளியீட்டின் கடைசியில் உள்ள நியூலைன்கள் அனைத்தையும் வெட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எங்கே பிசகியது என்று பார்க்க பாஷ் ஷெல்லில் 'செட் -எக்ஸ்' போடுங்கள், ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் அது அச்சிடும்; அடுக்கு ஆழமானால் முன்னால் + கூடும். மேலே காட்டிய ஒற்றை வரிக்கு, உள்ளிருக்கும் கமாண்ட் +++ என்றும், டிர்நேம் ++ என்றும், சிடி + என்றும் அச்சாகும். ++ வரியில் டிர்நேமுக்குப் பக்கத்தில் வெற்று மேற்கோள் '' தெரிந்தால், உள்கட்டளை எதுவும் தரவில்லை.