‘கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு’ என்று யாராவது போன் செய்தால்

பாலக்கோட்டில் உரக்கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவருக்கும் இந்த அழைப்பு வரலாம். காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலைக்கு பில் போடுகிறவருக்கும், பிள்ளைகளை ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பெற்றோருக்கும் வரலாம். “உங்க சிஸ்டத்துல வைரஸ் இருக்கு, எங்க சர்வர்ல காட்டுது, உடனே சரி பண்ணணும்.” குரல் தெளிவாக இருக்கும், மரியாதையாகவும் பேசும்.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, பேசிக்கொண்டே ஆள் நிஜமா போலியா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பது. நாம் கேட்கப்போகும் எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். ஊழியர் எண் கேட்டால் சொல்வார். நம் பெயர், ஊர், இமெயில் எல்லாம் எங்கிருந்தோ கசிந்து அவர் கையில் இருக்கும். அவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்து எடைபோட முடியாது. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதை மட்டும் பாருங்கள். நாம் புகார் கொடுக்காமல் நம் கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வரும் அழைப்பை நம்பவே வேண்டாம். கேட்காதவருக்குத் தானாகப் போன் செய்து பழுது பார்ப்பதில்லை என்றும், தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பரே இருக்காது என்றும் மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. திரை முழுக்கச் சிவப்பாக மறைத்து, அலாரம் அடித்து, ‘இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று ஏதாவது வந்தால் அது ஒரு வெப்சைட் காட்டும் படம்தான். பிரவுசரை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது, அவர் காட்டும் ‘ஆதாரத்தை’ நம்புவது. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் நடக்கும் ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் அது குறித்துவைக்கும். நேற்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் சிவப்புக் குறிகளும் மஞ்சள் முக்கோணங்களும் இருக்கும். அதைத் திறக்கச் சொல்லி, “பாத்தீங்களா, எத்தனை எரர்!” என்பார்கள். இன்னொரு வித்தை, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடிக்கச் சொல்லி, 888 என்று தொடங்கும் நீளமான எண்ணைக் காட்டி, “இது உங்க கம்ப்யூட்டரோட தனி எண், எங்க ரெக்கார்டுலயும் இதேதான் இருக்கு” என்று படித்துக் காட்டுவது. அந்த எண் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றேதான்.

பிறகு அவர் போடச் சொல்வது ரிமோட் ஆப், அதாவது வேறொருவர் தூரத்திலிருந்தே நம் திரையைப் பார்த்து இயக்க விடும் ஆப். இந்த விஷயத்தில்தான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் நேர்மையான மென்பொருள்கள்தான். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பார்க்கும் சர்வீஸ் ஆள்கூட அதில்தான் உள்ளே வந்து சரிசெய்வார். அந்தப் பழக்கத்தால், தெரியாதவர் கேட்கும்போதும் அந்த ஆப் காட்டும் இணைப்பு எண்ணைப் படித்துச் சொல்லிவிடுகிறோம். சர்வீஸ் ஆளை நாம் கூப்பிட்டோம், அவர் கடை எங்கே என்று நமக்குத் தெரியும். இந்த ஆளை நமக்குத் தெரியாது. “ஓடிபியை யாருக்கும் சொல்லமாட்டேன்” என்ற உறுதியும் இங்கே உதவாது. செல்போனில் அந்த ஆப்பைப் போட்டுத் திரையைப் பகிர்ந்துவிட்டால், வரும் ஓடிபியை நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை, அவரே படித்துக்கொள்வார். எனிடெஸ்க் வழியாக யுபிஐ பணம் பறிபோவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

நம்பரை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ட்ரூகாலரில் தெரியும் பெயர் மற்றவர்கள் சேமித்த பெயராக இருக்கலாம். கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி முதலில் வரும் எண்ணுக்கு நாமே போன் செய்வதும் ஆபத்து, போலி எண்களை அங்கேயும் ஏற்றிவைக்கிறார்கள். பொருளோடு வந்த பில், வாரண்டி கார்டு, பாஸ்புக், ஏடிஎம் கார்டின் பின்பக்கம், இவற்றில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து மனிதர்களின் நல்ல குணத்தால் வருவது. எதிரே ஒருவர் “அம்மா, அம்மா” என்று பேசிக்கொண்டிருக்கும்போது பட்டென்று வைக்க மனசு வராது. “சரிப்பா, பையன் வரட்டும், கம்பெனி நம்பருக்கு நாங்களே பண்றோம்” என்று சொல்லிவிட்டு வையுங்கள். நிஜமானவர் சரி என்பார். “வைக்காதீங்க, வச்சா கம்ப்யூட்டரே போயிடும்”, “பையன்கிட்ட சொல்லாதீங்க” என்றால் ஆள் யார் என்று தெரிந்துபோனது. பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில் ‘பையன் வரட்டும், கம்பெனி நம்பருக்கு நாங்களே பண்றோம்’ என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் போன் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள், உண்மையாகவே பயன்படும்.

‘உங்களுக்குப் பணம் திருப்பித் தரணும்’ என்று ரீஃபண்ட் கதை வந்தால்: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின்னைப் போடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்துதான் போகிறது.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு சாயங்காலம் வரை மறைத்துவைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐயும் கூப்பிடுங்கள். அந்தப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் தகவல் போனால் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, நாமே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் பொறுப்பு, தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பிறகு அந்த ஆப்பை நீக்கி, பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

சில வாரங்கள் கழித்து “போன பணத்தை மீட்டுத் தருகிறோம், சின்னக் கட்டணம் கட்டுங்கள்” என்று இன்னொரு அழைப்பு வரலாம். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுகின்றன. 1930-இல் புகார் கொடுக்க ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.