இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் மின்னஞ்சல் ஏன் நின்றுபோகிறது?

கைபேசியில் புதிய இயங்குதளம் ஏறிய பிறகு கேமரா திறக்கவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். மின்னஞ்சல் வராமல் போனால் தெரியாது. இன்று யாரும் எழுதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அரை நாளைக் கடத்திவிடுவோம். நேர்காணலுக்கான அழைப்பு, மருத்துவப் பரிசோதனை முடிவு, கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒப்பந்தம் என எது வேண்டுமானாலும் அந்த நேரத்தில் சர்வரில் வந்து கிடக்கலாம். இந்த அமைதியான பழுதைப் பெரும்பாலும் முன்கூட்டியே தடுத்துவிட முடியும். அதற்கு, எங்கே தவறு செய்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருப்பது ஒன்றுதான்: அஞ்சல் உடனுக்குடன் வந்து சேர்வதைக் கைபேசியின் குணம் என்று எண்ணிக்கொள்வது. புஷ் மின்னஞ்சல், அதாவது நாம் போய்க் கேட்காமலேயே அஞ்சல் கைபேசிக்கு வந்து சேரும் முறை, என்பது அஞ்சல் சர்வர், இடையில் உள்ள வலையமைப்பு, கைபேசியின் இயங்குதளம், அஞ்சல் செயலி ஆகிய நான்கும் செய்துகொண்ட ஏற்பாடு. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது நால்வரில் ஒருவரை மட்டும் மாற்றுகிறோம். மற்ற மூவரும் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறார்கள்.

கனடாவின் வாட்டர்லூவைச் சேர்ந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் முதல் பிளாக்பெரி கருவியை வெளியிட்டபோது, இந்த ஏற்பாடு முழுவதையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. கருவி, இயங்குதளம், நிறுவனங்களுக்கான சர்வர் மென்பொருள், நடுவே எல்லா அஞ்சல்களும் கடந்துபோகும் சொந்த மையம் என அனைத்தும் அதனுடையவை. அதனால்தான் அவ்வளவு நம்பகமாக இயங்கியது. மைக்ரோசாஃப்ட் 2005இல் வேறு வழியில் போட்டிக்கு வந்தது. நிறுவனங்கள் பயன்படுத்தும் அதன் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2003க்கான இரண்டாவது சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு), அதன் கைபேசி இயங்குதளமான விண்டோஸ் மொபைல் 5.0க்கான கூடுதல் தொகுப்பு என்ற இரண்டும் சேர்ந்தால் நடுவில் யாரும் இல்லாமல் சர்வரே நேரடியாகக் கைபேசிக்குத் தகவல் சொல்லும். இந்த ஆக்டிவ்சிங்க் முறையை ஆப்பிள் உரிமம் பெற்று, 2008 ஜூலையில் ஐபோனின் இரண்டாம் பதிப்பு இயங்குதளத்தில் சேர்த்தது.

நேரடி முறை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டால் பல குழப்பங்கள் தீரும். கைபேசி சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது: “இந்த அஞ்சல் கோப்புறைகளில் ஏதாவது மாறினால் சொல், இல்லையென்றால் பதினைந்து நிமிடம் கழித்துப் பதில் சொன்னால் போதும்.” சர்வர் பதிலளிக்காமல் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. அஞ்சல் வந்தால் உடனே பதில் போகும்; கைபேசி அஞ்சலை இறக்கிக்கொண்டு மறுபடியும் அதே கோரிக்கையை அனுப்பும். எதுவும் வராவிட்டால், பதினைந்தாவது நிமிடம் “மாற்றமில்லை” என்று பதில் வரும். கைபேசி மீண்டும் கேட்கும். இடையில் உள்ள ஃபயர்வால் (வலையமைப்பின் பாதுகாப்புத் தடுப்பு) ஒன்று, ஐந்து நிமிடம் பேச்சில்லாத இணைப்புகளைச் சத்தமின்றித் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? இணைப்பு உயிரோடு இருப்பதாகவே கைபேசி நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த கோரிக்கை வரை அஞ்சல் வராது. அதனால்தான் அந்த நேர வரம்பை 30 நிமிடமாக உயர்த்தும்படி மைக்ரோசாஃப்ட் நிர்வாகிகளுக்கு அறிவுறுத்தியது. கைபேசியை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் இந்தப் பழுது தீராது, ஏனென்றால் பழுது கைபேசியில் இல்லை.

புதிய பதிப்பு வந்த முதல் நாளே அதை நிறுவுவது அடுத்த தவறு. அலுவலக அஞ்சல் ஓடும் கைபேசிக்கு இதைக் கண்டிப்பாகவே சொல்வேன். 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 6.1 வந்தபோது, நாட்காட்டி அழைப்புகளைக் கையாள்வதில் இருந்த பிழையால் கைபேசிகள் எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு ஓயாமல் பேசத் தொடங்கின. சர்வர்களில் பதிவுக் கோப்புகள் பெருகி வட்டு நிரம்பியது. சில நிறுவனங்கள் அந்தப் பதிப்பு உள்ள கைபேசிகளையே தடுத்து வைத்தன. சில வாரங்களில் 6.1.2 வந்துதான் சரியானது. 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது, அவுட்லுக்.காம், ஆபிஸ் 365, விண்டோஸ் சர்வர் 2016இல் ஓடும் எக்ஸ்சேஞ்ச் ஆகியவற்றின் கணக்குகளிலிருந்து அஞ்சல் அனுப்ப முடியாமல் போனது. ஒரு வாரத்திற்குள் 11.0.1 அதைச் சரிசெய்தது. பொறுத்திருந்தவர்களுக்கு இரண்டுமே நேரவில்லை.

ஆனால் பொறுத்திருந்தாலும் தீராத வகை ஒன்று உண்டு. 2009 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளம் 3.1 அதற்கு நல்ல உதாரணம். கைபேசியில் உள்ள தரவு பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பல நிறுவனங்களின் எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் நிபந்தனை வைத்திருந்தன. முதல் ஐபோனுக்கும் ஐபோன் 3ஜிக்கும் அதற்கான வன்பொருள் கிடையாது. இருந்தும் அவை அதுவரை நிபந்தனையை நிறைவேற்றாமலேயே அஞ்சலைப் பெற்றுவந்தன. 3.1 பதிப்பு தன் நிலையைச் சர்வருக்குச் சரியாகத் தெரிவிக்கத் தொடங்கியது. சர்வர் கதவைச் சாத்திக்கொண்டது. புதுப்பித்தவர்கள் பார்வையில் நேற்றுவரை ஓடிய அஞ்சல் இன்று ஓடவில்லை. உண்மையில் இயங்குதளம் பிழை எதுவும் செய்யவில்லை, முன்பு இருந்த பிழையைத் திருத்திக்கொண்டது. இதற்கு அடுத்த திருத்தப் பதிப்பு வந்து உதவாது. ஒன்று நிறுவனம் நிபந்தனையைத் தளர்த்த வேண்டும், அல்லது கைபேசியை மாற்ற வேண்டும். ஆகவே அலுவலகக் கணக்கு உள்ளவர்கள் புதுப்பிக்கும் முன் தங்கள் ஐடி பிரிவிடம் இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது. இந்தப் பதிப்பை அனுமதித்துவிட்டீர்களா? என் மாடல் உங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றுகிறதா? ஐபோனில் திரும்பிப்போவதும் எளிதல்ல, பழைய பதிப்பை மறுபடி நிறுவ ஒப்புதல் அளிப்பதை ஆப்பிள் சிறிது காலத்தில் நிறுத்திவிடும்.

இதைப் படித்துவிட்டு இனிப் புதுப்பிக்கவே மாட்டேன் என்று முடிவெடுத்தால் அது இன்னும் பெரிய தவறு. சர்வர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே அனுப்பி நுழையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் படிப்படியாக நிறுத்தியது. கூகுளும் அதே ஆண்டு மே இறுதியில் தனிநபர் கணக்குகளுக்கு அப்படிப்பட்ட நுழைவை மூடியது. பழைய அஞ்சல் செயலிக்கு இது புரியாது. கடவுச்சொல் தவறு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும். மக்கள் அதை நம்பி அதே கடவுச்சொல்லைப் பலமுறை தட்டுகிறார்கள், பிறகு மாற்றுகிறார்கள், கடைசியில் கணக்கே பூட்டப்பட்டுவிடுகிறது. இணைய உலாவியில் அதே கடவுச்சொல்லால் உள்ளே போக முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். முடிந்தால் கடவுச்சொல் சரி, செயலிதான் பழசு. பாதுகாப்புத் திருத்தங்களையும் பெரிய பதிப்பு மாற்றங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். முன்னதைத் தாமதமின்றி ஏற்றுங்கள்; பின்னதற்குச் சில வாரம் பொறுக்கலாம்.

அஞ்சல் நின்றதும் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். பாப்3 முறையில் அமைந்த கணக்காக இருந்தால், சர்வரிலிருந்து இறக்கி அழிக்கப்பட்ட அஞ்சல்கள் கைபேசியில் மட்டுமே இருக்கும். கணக்கை நீக்கினால் அவையும் போய்விடும். அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல்களும் போகும். அந்தக் கணக்கோடு ஒத்திசைந்த தொடர்பு எண்களும் நாட்காட்டியும் கைபேசியிலிருந்து மறையும். உலாவியில் எல்லா அஞ்சல்களும் தெரிகின்றனவா என்று உறுதிசெய்யாமல் கணக்கை நீக்காதீர்கள்.

அலுவலகக் கணக்கை மறுபடி சேர்க்கும்போது வரும் ஒப்புதல் திரையையும் படிக்காமல் கடக்காதீர்கள். அந்தக் கைபேசியைத் தொலைவிலிருந்து முழுவதுமாக அழிக்கும் அதிகாரத்தை நிர்வாகிக்கு நீங்கள் தரக்கூடும். அழித்தால் குடும்பப் படங்களும் சேர்ந்து போகும். பேக்கப் இல்லாமல் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது.

எதிர்காலப் புதுப்பிப்பை நம்பி இன்று கைபேசி வாங்குவதும் பலரைக் கைவிட்டிருக்கிறது. விண்டோஸ் மொபைல் 5.0 கருவிகளுக்குப் புஷ் வசதி வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது உண்மை. ஆனால் அதைக் கருவித் தயாரிப்பாளர் தன் மாடலுக்கு ஏற்பத் தயாரித்து, பல இடங்களில் தொலைபேசி நிறுவனமும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வாங்கியவர் கைக்கு வந்தது. 2012இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது, 7ஆம் பதிப்புக் கைபேசிகள் எதற்கும் அதை ஏற்ற வழியில்லை. இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது. கூகுள் பிக்சல் 8 முதலும் சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதலும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு உறுதி தரப்படுகிறது. அந்த ஏழு ஆண்டு, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

எந்த நிறுவனத்தின் புஷ் சிறந்தது என்ற போட்டியில் ஒரு வழியை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. 2011 அக்டோபரில் பிளாக்பெரியின் மையத்தில் தரவைக் கடத்தும் ஒரு முக்கிய வலையமைப்பு ஸ்விட்ச் பழுதானது. அதற்கான மாற்று ஏற்பாடும் எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. பல கண்டங்களில் லட்சக்கணக்கானோருக்குச் சில நாட்கள் அஞ்சல் தடைப்பட்டது. அவசர அஞ்சலை உலாவியில் திறக்கத் தேவையான முகவரியும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வழியும் கைவசம் இருக்கட்டும்.

இனி பேட்டரி. புதிய இயங்குதளங்கள் பின்னணி வேலைகளை இறுக்கிக்கொண்டே வருகின்றன. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் கைபேசியை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கத் தொடங்கியது. கூகுளின் அறிவிப்புச் சேவை வழியாக உயர் முன்னுரிமையோடு வரும் செய்தி அந்த உறக்கத்தைக் கலைக்கும். தானே சர்வரோடு இணைப்பை வைத்திருக்கும் செயலிகளின் கதை வேறு, அவை உறங்கிப்போகும். பல தயாரிப்பாளர்கள் இதற்கு மேலும் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டைப் போடுகிறார்கள். ஆகவே பெரிய பதிப்பு ஏறிய பிறகு அஞ்சல் செயலியின் பேட்டரி அமைப்பையும் அறிவிப்பு அனுமதியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஐபோனின் மெயில் செயலியில் ஜிமெயில் கணக்கை வைத்திருப்பவர்கள் அது புஷ் முறையில் வருவதாகவே எண்ணுகிறார்கள். கூகுள் 2013இல் இலவசக் கணக்குகளுக்கு ஆக்டிவ்சிங்க் முறையில் புதிய இணைப்பு தருவதை நிறுத்தியது. அதன்பின் அச்செயலி ஜிமெயிலைக் குறித்த இடைவெளியில் போய் எடுத்துவருகிறது. “தானியங்கி” என்று வைத்திருந்தால், சார்ஜரும் வைஃபையும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் எடுக்கும். குறைந்த மின் பயன்முறையில் அதுவும் நிற்கும். உடனே வேண்டுமென்றால் ஜிமெயிலின் சொந்தச் செயலியை நிறுவுவதே வழி.

புதுப்பித்த பிறகு பலரும் சோதிப்பது தவறான முறையில். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, திரை எரிய, தனக்குத்தானே ஓர் அஞ்சல் அனுப்பி, வந்துவிட்டது என்று திருப்தி அடைகிறார்கள். விழித்திருக்கும் கைபேசிக்கு அஞ்சல் வருவது எதையும் நிரூபிக்காது. சார்ஜரைக் கழற்றி, வைஃபையை அணைத்து, மேசையில் ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். பிறகு வேறொரு கணக்கிலிருந்து, வேறொரு கருவியில் அஞ்சல் அனுப்புங்கள். அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, திரையைத் தொடாமல் காத்திருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஒலித்தால் ஏற்பாடு சரியாக இருக்கிறது. திரையைத் தொட்ட கணத்தில் ஒலித்தால் பேட்டரி அமைப்பைத் திருத்துங்கள். தொட்டும் வரவில்லை, உலாவியில் மட்டும் தெரிகிறது என்றால் சர்வர் பக்கம் கேட்க வேண்டிய நேரம். வைஃபையில் மறுபடி ஒருமுறை இதையே செய்யுங்கள். அலுவலக வைஃபையில் மட்டும் தாமதமானால், அந்த ஃபயர்வாலின் நேர வரம்பைப் பற்றி ஐடி பிரிவுக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள்.