அப்பாவின் மருத்துவக் காப்பீட்டு பாலிசியிலிருந்து நீங்கள் வெளியே வரும்போது விட்டுவிடக் கூடாத வருடங்கள்

ஒரே காப்பீட்டுத் தொகையைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் மருத்துவக் காப்பீடுதான் குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி. அதில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 25 வயதுவரைதான் இடம். வேலைக்குப் போனாலோ கல்யாணம் ஆனாலோ அதற்கு முன்பே பெயரை எடுத்துவிடும் பாலிசிகளும் உண்டு. அப்போது பலர் ஆன்லைனில் மலிவாகத் தெரிகிற ஒரு புது பாலிசியை வாங்கிவிடுகிறார்கள். வீட்டில் இத்தனை வருடம் ப்ரீமியம் கட்டிச் சேர்த்தது அத்தோடு போய்விடும்.

சேர்த்தது என்றால், கடந்து முடித்த காத்திருப்புக் காலம், அதாவது சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம். புது பாலிசியில் விபத்து தவிர எதற்கும் முதல் 30 நாள் பணம் கிடைக்காது. ஹெர்னியா, சைனஸ், சிறுநீரகக் கல் போன்று பட்டியலில் உள்ள நோய்களுக்கும், முன்பே இருக்கும் நோய்களுக்கும் 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். 60 மாதம் தொடர்ந்து பாலிசி இருந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, பழைய நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. இந்தக் கணக்கெல்லாம் ஃப்ளோட்டரில் உங்கள் பெயருக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

அதை எடுத்துவர இரண்டு வழி. ஒன்று, அதே நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறுவது. வயது வரம்பு முடிகிற பிள்ளைகளுக்குப் பழைய வருடங்களைக் கணக்கில் எடுத்து மாற்று பாலிசி தர வேண்டும் என்பது விதி. இன்னொன்று, போர்ட் செய்வது, அதாவது பழைய வருடங்களோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவது. அதற்குப் புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். உடல்நிலையைப் பார்த்துவிட்டுப் புது நிறுவனம் முடியாது என்று சொல்லவும் உரிமை உண்டு. ஆகவே முதலில் பழைய நிறுவனத்திடம் மாற்று பாலிசியை மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு போர்ட்டிங்கில் இறங்குங்கள். புதுப்பிப்புத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கினால் பதற்றம் இருக்காது.

கையில் வேண்டியது ஒவ்வொரு வருடத்து பாலிசி ஷெட்யூலும், அதாவது பெயர், தேதி, தொகை எல்லாம் உள்ள விவரப் பக்கமும். அதில் உங்கள் பெயர் எந்த வருடம் சேர்ந்தது என்று பாருங்கள். அப்பா 2012-இல் எடுத்து, உங்களை 2019-இல் சேர்த்திருந்தால் உங்கள் கணக்கு 2019-இலிருந்துதான். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இன்னொரு விஷயம்: பழைய காப்பீட்டுத் தொகை 5 லட்சம், புதியது 10 லட்சம் என்றால், பழைய 5 லட்சத்துக்குத்தான் வருடங்கள் வரும். கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது ப்ரீமியத்துக்கும் முன்னால் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். 3 லட்சம் பாலிசி, அறைக்கு நாளொன்றுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் 4 நாள் இருக்கிறீர்கள். பில் 1,20,000: அறை 24,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் 60,000, மருந்தும் பரிசோதனையும் 36,000. அறையில் கூடுதலான 12,000 மட்டும்தான் நம் தலையில் விழும் என்று நினைப்போம். வரம்பைப் போல இரண்டு மடங்கு அறை எடுத்ததால் டாக்டர், தியேட்டர் கட்டணமும் பாதியாக வெட்டப்படும். நிறுவனம் தருவது 12,000 + 30,000 + 36,000 = 78,000. கையிலிருந்து 42,000 போகும். அதனால் அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசி, அல்லது ‘சிங்கிள் ஏசி அறை’ என்று வகையைச் சொல்லும் பாலிசி நல்லது. ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டிய கோ-பே இருப்பதை இந்த வயதில் எடுக்கத் தேவையே இல்லை.

ஆபீசில் குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வேலையை விட்டால் அதுவும் போகும், அடுத்த வேலை கிடைக்கும்வரை ஒன்றும் இருக்காது. சொந்த பாலிசியை 5 லட்சத்துக்காவது வைத்துக்கொண்டு, மேலே வேண்டுமானால் சூப்பர் டாப்-அப் சேர்க்கலாம். டாப்-அப் என்பது ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய செலவைத் தரும் கூடுதல் பாலிசி. வெறும் டாப்-அப் ஒவ்வொரு கிளெய்மையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருடத்து மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும். இரண்டாவதையே எடுங்கள். கல்யாணம் நெருங்குகிறது என்றால் பிரசவச் செலவுக்கான காத்திருப்பையும் கேளுங்கள். பல பாலிசிகளில் அது 2 வருடமோ அதற்கு மேலோ.

விண்ணப்பத்தில் இன்ஹேலர், தைராய்டு மாத்திரை, சின்ன வயதில் நடந்த ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் “இதெல்லாம் போட வேண்டாம்” என்றாலும் போடுங்கள். கையெழுத்து உங்களுடையது, கிளெய்ம் நின்றால் திண்டாடப்போவதும் நீங்கள்தான்.

ப்ரீமியத்தை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். ரொக்கமாகக் கட்டினால் மருத்துவக் காப்பீட்டுக்கான வருமான வரிச்சலுகை இல்லை. அந்தச் சலுகையும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது, ரசீதில் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் ஷெட்யூலில் உங்கள் பழைய தொடக்கத் தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய ஷெட்யூல்களை இணைத்து அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது, திருத்தத்தை அதற்குள் வாங்கிவிடுங்கள்.