எல்.சி.யில் துறைமுகப் பெயர்: பில் ஆஃப் லேடிங்கில் கவனிக்க வேண்டியவை

எல்.சி.யில் (ஏற்றுமதியாளருக்குப் பணம் தர வங்கி அளிக்கும் கடன் உறுதிக் கடிதம்) ஏற்றும் துறைமுகமாக 'ஏதேனும் ஓர் ஐரோப்பியத் துறைமுகம்' என்றிருந்தால், அதே சொற்களை பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம், சுருக்கமாக பி.எல்.) அப்படியே போட்டுவிடாதீர்கள். சரக்கு உண்மையில் ஏறிய துறைமுகத்தின் பெயர்தான் வர வேண்டும்; ராட்டர்டாம் என்றால் ராட்டர்டாம். எல்.சி.யில் துறைமுகத்தோடு நாட்டின் பெயரும் இருந்து, பி.எல்.லில் நாடு விடுபட்டிருந்தால் அது குறையாகாது. அதற்காகத் திருத்தி வாங்க அலைய வேண்டாம்.

சிக்கல் பெரும்பாலும் பி.எல். படிவத்தின் கட்டங்களில்தான் வருகிறது. ஏற்றும் துறைமுகம் 'போர்ட் ஆஃப் லோடிங்' கட்டத்தில் இல்லாமல் 'பிளேஸ் ஆஃப் ரிசீப்ட்' (சரக்கைப் பெற்ற இடம்) கட்டத்தில் மட்டும் இருந்தாலோ, துறைமுகப் பெயரோடு 'இன்டெண்டட்' (உத்தேசித்த) என்ற சொல் ஒட்டியிருந்தாலோ, யு.சி.பி. 600 என்ற எல்.சி. விதித்தொகுப்பின் 20-ஆம் பிரிவுப்படி, சரக்கு கப்பலில் ஏறியதைச் சொல்லும் ஆன் போர்டு குறிப்பு கட்டாயம். எல்.சி. சொன்ன ஏற்றும் துறைமுகம், ஏற்றிய தேதி, கப்பலின் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். முத்திரையும் தேதியும் மட்டும் போதாது. 'ஷிப்டு ஆன் போர்டு' என்ற வாசகம் படிவத்திலேயே அச்சாகியிருந்தாலும் இந்தக் குறிப்பு வேண்டும். பலர் இங்கேதான் டிஸ்கிரிபன்சியில் (ஆவணம் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்று வங்கி சொல்லும் குறை) மாட்டுகிறார்கள்.

இறக்கும் துறைமுகம் 'ஃபைனல் டெஸ்டினேஷன்' (இறுதிச் சேரிடம்) கட்டத்தில் விழுந்திருந்தால், அதுவே இறக்கும் துறைமுகம் என்று தனிக் குறிப்பு சேர்க்கச் சொல்லுங்கள். டிராஃப்ட் பி.எல். (வரைவு) கைக்கு வந்ததுமே இதைக் கேட்டுவிடுங்கள். அசல் வெளியான பிறகு திருத்தினால், கேரியரோ (சரக்கை ஏற்றிச் செல்லும் நிறுவனம்), கப்பலின் மாஸ்டரோ, இவர்களின் ஏஜெண்டோ அந்தத் திருத்தத்தை உறுதிப்படுத்தியாக வேண்டும்.