சுயமாகக் கதீட்டர் போட்டுக்கொள்வது எப்படி: கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

தண்டுவடத்தில் அடிபட்டுச் சிறுநீர் தானாகக் கழியாமல் போனவர்களில் பலர், சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டர்தான் கிருமியைக் கொண்டுவரும் என்று அஞ்சி, அதைப் போடும் தடவைகளைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதுவே தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் லேப்பிடஸ் நோயாளி தாமே அவ்வப்போது கதீட்டர் போட்டுச் சிறுநீரை வெளியேற்றும் முறையை 1972இல் வெளியிட்டபோது, அளவுமீறி விரியும் சிறுநீர்ப்பையின் சுவரில் இரத்த ஓட்டம் குறைந்து, கிருமியை எதிர்க்கும் வலு போய்விடுகிறது என்று விளக்கினார். சோப்பால் கழுவிய கையும் தவறாத நேரமும் போதும் என்ற அவருடைய துணிவுதான் இதை வீட்டிலேயே செய்யக்கூடியதாக்கியது.

ஆகவே முதலில் நேரத்தைக் குறியுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு 4 முதல் 6 தடவை தேவைப்படும். வெளியேறும் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்துச் சில வாரங்கள் எழுதிவையுங்கள். ஒரு தடவைக்கு 500 மில்லிலிட்டரைத் தாண்டினால் மருத்துவரிடம் கேட்டு இடைவெளியைக் குறையுங்கள். தடவையைத் தவிர்ப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள்.

கைகளையும் உறுப்பையும் சோப்பு நீரால் கழுவுங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய குழாயே நல்லது. உள்ளே செல்லும் பகுதியைத் தொடாமல், நீரில் கரையும் ஜெல் தடவுங்கள்; எண்ணெயும் வாசலினும் கூடாது.

ஆண்கள் உறுப்பை மேல்நோக்கி உயர்த்திப் பிடித்துக் குழாயை மெல்லச் செலுத்த வேண்டும். சிறுநீரை அடைத்துவைக்கும் சுருக்குத்தசை தடுக்கும் இடத்தில் ஆழ்ந்து மூச்சுவிட்டுக் காத்திருந்தால் அது பெரும்பாலும் தளரும். தளராவிட்டால் வலுக்கட்டாயம் செய்யாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெண்களின் சிறுநீர்ப்பாதை சுமார் 4 சென்டிமீட்டரே என்பதால் நுழைப்பது எளிது, துளையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். குழாய் தவறிப் பிறப்புறுப்புக்குள் போனால், அதை அடையாளமாக அங்கேயே விட்டு, வேறு புதிய குழாயை அதற்கு மேலுள்ள துளையில் செலுத்திய பிறகு எடுத்துவிடுங்கள்.

சிறுநீர் நின்றதும் குழாயைச் சட்டென்று உருவிவிடாதீர்கள். மெல்ல இழுக்கும்போது மறுபடி வடிந்தால், வடிந்து முடியும்வரை அங்கேயே நிறுத்துங்கள். தேங்கும் மிச்சத்தில்தான் கிருமி பெருகுகிறது.

கதீட்டர் போடுபவர்களின் சிறுநீரில் அறிகுறி எதுவும் இல்லாமலே கிருமி இருப்பது வழக்கம். வாடையோ கலங்கலோ கண்டவுடன் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினால், பின்னாளில் அந்த மருந்து கேட்காமல் போகும். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்க வலி, புதிதாகக் கசிவு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைப் பார்த்து, மருந்து தொடங்குமுன் சிறுநீரைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்து அடையாளம் காணும்) பரிசோதனைக்குக் கொடுங்கள். நெஞ்சுப்பகுதியின் 6ஆவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால், நிமிர்ந்து உட்காரவைத்து உடனே சிறுநீர்ப்பையைக் காலிசெய்யுங்கள். தலைவலி தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள்.