மியாட்டாவுக்கு பேட்டரி மாத்தறது எப்படி: முதல்ல டிக்கியை மோந்து பாருங்க

மஸ்தா கம்பெனியோட ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான மியாட்டா வெச்சிருக்கறவங்க, இல்ல பழசா ஒண்ணு வாங்கலாம்னு பாத்துட்டு இருக்கறவங்க, பேட்டரி கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கியைத் திறந்து வலது பக்கம் பின் மூலையில இருக்கற கார்பெட்டை விலக்கி ஒரு தடவை மோந்து பாருங்க. புளிச்ச வாடையோ அழுகின முட்டை வாடையோ வந்துச்சுன்னா உங்களுக்கு புது பேட்டரியை விட அவசரமான வேலை ஒண்ணு இருக்கு, அதை கீழ சொல்றேன்.

மத்த காரெல்லாம் பெரும்பாலும் பானட்டுக்கு அடியில பேட்டரி வெச்சிருப்பாங்க. மியாட்டாவுல 1989ல வந்த முதல் மாடலும் சரி, அதுக்கு அடுத்து 2005 வரைக்கும் வந்த ரெண்டாவது மாடலும் சரி, பேட்டரி டிக்கிக்குள்ளதான். முன் சக்கரத்துலயும் பின் சக்கரத்துலயும் பாரம் பாதிப் பாதியா உக்காரணும்னுதான் அப்படி வெச்சாங்க, அந்த பேலன்ஸ்தான் இந்த காரை வளைவுல திருப்பும்போது அவ்ளோ சந்தோஷமா இருக்கறதுக்கு காரணம். ஆனா டிக்கிங்கறது மூடின பெட்டி. பேட்டரி சார்ஜ் ஆகும்போது, அதுவும் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) கோளாறாகி ஓவர் சார்ஜ் ஆச்சுன்னா, ஹைட்ரஜன் கேஸ் வரும், கூடவே ஆசிட் ஆவியும் வரும். காத்துல ஹைட்ரஜன் 4 சதவீதம் சேந்தாலே ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். அதனாலதான் கம்பெனியிலேர்ந்து வரும்போதே பேட்டரி பக்கவாட்டுல ரப்பர் டியூப் மாட்டி, டிக்கி அடியில இருக்கற ஓட்டை வழியா வெளிய விட்டிருப்பாங்க. இந்த காருக்கு பேட்டரி தேடும்போது பிராண்ட், விலை, வாரண்டி எல்லாத்துக்கும் முன்னாடி அந்த டியூப் மாட்டறதுக்கு வழி இருக்கான்னுதான் பாக்கணும்.

என்கிட்ட இருக்கறது 1995 மாடல், 1.8 லிட்டர். டொரன்டோவுலதான் வாங்கினேன். வாங்கி ஒரு மாசம் இருக்கும், பக்கத்து வீட்டு அங்கிள், யாழ்ப்பாணத்துக்காரர், என்கூட கடைக்குப் போயிட்டு வந்து பையை இறக்கும்போது "தம்பி, டிக்கிக்குள்ள என்ன இப்படி மணக்குது?"ன்னு கேட்டார். நான் கார்பெட்டை இழுத்துப் பாத்தா பேட்டரி தட்டுக்குக் கீழ பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி நிக்குது, நகத்தால தொட்டதும் பொலபொலன்னு கொட்டிடுச்சு, அடியில ஒரே துரு. முன்னாடி யாரோ ஒரு கடையில சாதாரண ஆசிட் பேட்டரியை வெச்சு அடைச்சிருக்காங்க, டியூப் ரெண்டும் எதுலயும் மாட்டாம சும்மா தொங்குது. அன்னிக்கு வந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல. நல்ல பாடி இருக்கற கார், ஒரு முழம் டியூப் மாட்டாததுனால ஓட்டை விழ இருந்துச்சு.

சரி, முதல்ல பேட்டரி உண்மையிலேயே போச்சான்னு பாருங்க, ஏன்னா நிறைய பேர் செல்ஃப் எடுக்கலன்னதும் பேட்டரியை வாங்கிட்டு வந்துடறாங்க, ஒரு வாரம் கழிச்சு புதுசும் டவுன் ஆகி நிக்கும். ஒரு மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்ச காரில காலைல அளந்தா 12.6 வோல்ட்டோ அதுக்கு மேலயோ இருக்கணும், 12.2னா பாதிதான் இருக்கு, 12க்கு கீழன்னா ரொம்ப இறங்கிடுச்சு. அப்புறம் இன்ஜினை ஓட விட்டு அளங்க, 13.8லேர்ந்து 14.5 வரைக்கும் காட்டணும். 13ஐயே தாண்டலன்னா ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்க, 15க்கு மேல போச்சுன்னா வோல்ட்டைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் போச்சு, அதை சரி பண்ணாம புது பேட்டரி வெச்சா அதையும் கொதிக்க வெச்சுக் கொன்னுடும்.

இன்னொண்ணு, நிறுத்தி வெச்ச காரில கரன்ட் எங்கயாவது லீக் ஆகுதான்னும் பாத்துடுங்க. நெகட்டிவ் கேபிளை கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர்ல வெச்சு, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல கோத்துப் பாருங்க, கதவெல்லாம் சாத்தி இருக்கணும், டிக்கியில லைட் இருந்தா அந்த பல்பை எடுத்துடுங்க. மீட்டர் கோத்திருக்கும்போது சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா பரவால்ல. அதுக்கு மேலன்னா பெரும்பாலும் கார் வாங்கினப்புறம் யாரோ மாட்டின ஸ்டீரியோ இல்ல அலாரம்தான்.

இப்போ எந்த பேட்டரி வாங்கறது. ஏஜிஎம் டைப் வாங்குங்க, வேற யோசனையே வேண்டாம். அதுல ஆசிட் தண்ணியா இருக்காது, கண்ணாடி நார் பஞ்சுல ஊறி இருக்கும், சாதாரணமா வர்ற கேஸ் உள்ளேயே திரும்ப தண்ணியாயிடும், ரொம்ப பிரஷர் ஆனாதான் வால்வு திறக்கும். அப்படி திறக்கும்போது வெளிய போகத்தான் டியூப். கம்பெனி பேட்டரியும் இந்த டைப்தான், பானசோனிக்கோட எஸ்46ஏ24எல்னு நம்பர் இருக்கும். அதுல 24ங்கறது நீளம், சுமாரா 24 சென்டிமீட்டர். கடைக்காரர் "இதுவும் உக்காரும் சார்"னு சொன்னா நம்பாம, தட்டோட நீளம் அகலம் உயரத்தை டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க. பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம்னு ஃபோன்ல ஒரு ஃபோட்டோவும் எடுத்துக்கோங்க, கேபிள் குட்டையா இருக்கும், பக்கம் மாறிப்போனா எட்டாது, எட்டலன்னு இழுத்துப் பிடிச்சு மாட்டவும் கூடாது. டெர்மினல், அதாவது கேபிள் மாட்டற முனையோட தடிமனும் முக்கியம். ஜப்பான் பேட்டரிலேயே ரெண்டு சைஸ் உண்டு, ஒல்லியானதுல பிளஸ் முனை 14.7 மில்லிமீட்டர், தடியானதுல 19.5. ஒல்லி முனைக்கு தடி கிளாம்ப் (கேபிள் நுனியில இருக்கற பிடி) மாட்டினா எவ்ளோ முறுக்கினாலும் ஆடும், அதுக்குன்னு ஈயத்துல வளையம் விக்கறாங்க, அதைப் போடுங்க, பேப்பரை மடிச்சு சொருகறது, ஆணி அடிக்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சிசிஏன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. மைனஸ் 18 டிகிரி குளிர்ல 30 செகண்ட் தொடர்ந்து எவ்ளோ ஆம்பியர் தர முடியும்ங்கறது அது. நாலு சிலிண்டர் 1.8க்கு 300, 350 இருந்தா தாராளம், 600 போட்டதைத் தேடி அலைய வேண்டியதில்ல. தயாரிச்ச தேதியையும் பாருங்க, ஆறு மாசத்துக்கு மேல கடையில தூங்கினதுன்னா வேற கேளுங்க.

ரேஸ் டிராக்குக்குப் போறவங்க எடை குறையணும்னு ஒடிசி பிசி680 மாதிரி குட்டி பேட்டரி போடுவாங்க, 7 கிலோதான், ஆனா அதுல சேத்து வெக்க முடியற கரன்ட்டும் 16 ஆம்பியர் ஹவர்தான். கணக்குப் போட்டுப் பாருங்க, 30 மில்லி ஆம்பியர் லீக்னா ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர் போகுது, 11 நாள்ல பாதி காலி. வாரக் கடைசியில மட்டும் வண்டி எடுக்கற ஆளுக்கு அது சரிப்படாது. லித்தியமும் கேக்கறாங்க. போர்ஷே 911 ஜிடி3க்கு 2010ல லித்தியம் அயன் பேட்டரியை ஆப்ஷனா குடுத்தப்போ 10 கிலோவுக்கு மேல எடை குறைஞ்சுது, ஆனா குளிர் காலத்துல மாட்டிக்கறதுக்குன்னு சாதாரண பேட்டரி ஒண்ணையும் கூடவே குடுத்தாங்க. பூஜ்யத்துக்குக் கீழ போனா லித்தியம் திணறும். கனடா மாதிரி ஊர்ல இருந்துட்டு நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கழட்டற வேலை அரை மணி நேரம்தான். சாவியை எடுத்துடுங்க, கையில மோதிரம், செயின் வாட்ச் இருந்தா அதையும். ரேடியோவுக்கு கோட் இருந்தா எழுதி வெச்சுக்கோங்க. 10 நம்பர் ஸ்பேனர் எடுத்து மைனஸைத்தான் முதல்ல கழட்டணும், கழட்டி ஒரு துணியைச் சுத்தி ஓரமா வெச்சிடுங்க. ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, மியாட்டாவுல பேட்டரியைச் சுத்தி முழுக்க பாடி தகரம். பிளஸை முதல்ல கழட்டப் போய் ஸ்பேனரோட மறுமுனை தகரத்துல பட்டா நேரா ஷார்ட், பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் போற கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது, ஸ்பேனர் அங்கயே பத்தவெச்ச மாதிரி ஒட்டிக்கும். மைனஸை எடுத்துட்டா அந்த பயம் இல்ல. அப்புறம் பிளஸ், அப்புறம் மேல பிடிச்சிருக்கற பட்டை, கடைசியா டியூப். டியூப்பை வெடுக்குன்னு இழுக்காதீங்க, முப்பது வருஷ ரப்பர், லேசா திருகித் திருகி எடுங்க. பேட்டரியை முதுகை வளைச்சுத் தூக்காம காரை ஒட்டி நின்னு முழங்காலை மடக்கித் தூக்குங்க.

இப்போ காலியான தட்டை டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைப் பொடி, உப்பின பெயின்ட் இருந்தா கிளவுஸும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு, சமையல் சோடாவை தண்ணியில கரைச்சு ஊத்துங்க, நுரை பொங்கும், நுரை நிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப ஊத்தி நல்ல தண்ணியில கழுவித் துடைங்க. காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துரு தடுக்கற பிரைமர் ரெண்டு கோட், மேல பெயின்ட். எனக்கு இதுக்கே ஒரு சனி ஞாயிறு முழுசா போச்சு, ஆனா தகரம் ஓட்டை விழாம தப்பிச்சுது. டிக்கி அடியில இருக்கற ஓட்டை வழியா வெளிய போற டியூப்பை வாயில வெச்சு ஊதாதீங்க, ஆசிட் இருக்கும், ஒரு ஒயரை விட்டு அடைப்பு இருக்கான்னு பாருங்க, விறைச்சுப் போயிருந்தா புதுசு போடுங்க, மீட்டர் கணக்குல சில்லறைக் காசுக்கு கிடைக்கும்.

மாட்டறது அப்படியே தலைகீழ். பேட்டரியை உக்கார வெச்சதும் முதல் வேலையா டியூப்பை மாட்டுங்க, மத்ததெல்லாம் மாட்டினப்புறம் கை போகாது, நாளைக்கு மாட்டிக்கலாம்னு விட்டுடுவோம். புது பேட்டரியில ஒரு பக்கம்தான் டியூப் மாட்டறதா இருந்தா மறுபக்க ஓட்டைக்கு அதோட வர்ற மூடியைப் போட்டு அடைங்க. பட்டையை முறுக்குங்க, கையால ஆட்டினா பேட்டரி அசையக் கூடாது, ஆனா மேல் மூடி வளையற அளவுக்கும் முறுக்க வேண்டாம். அப்புறம் பிளஸ், கடைசியாத்தான் மைனஸ். கிளாம்ப் உள்பக்கத்தை பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சு மாட்டி, முறுக்கினப்புறம் மேல வாஸ்லின் தடவுங்க. கிளாம்ப் இறங்கலன்னா சுத்தியலால தட்டாதீங்க, வாயை கொஞ்சம் விரிச்சு இறக்குங்க, தட்டினா உள்ள முனை விட்டுப்போகும். பிளஸ் மேல சிவப்பு மூடி கட்டாயம், டிக்கிக்குள்ள ஜாக்கி, ஸ்பேனர்னு எதையாவது போட்டு வெப்போம், அது உருண்டு வந்து பிளஸ்ல படற நாள் வரக் கூடாது.

ஸ்டார்ட் பண்ணினதும் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கும், பயப்படாதீங்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் (ஈசியு) பழசை மறந்திருக்கும். இன்ஜின் சூடாகற வரைக்கும் ஓட விட்டு ஒரு இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்தா சரியாயிடும்.

போர்ஷே பாக்ஸ்டர் 987 வெச்சிருக்கற ஃப்ரெண்டுக்காக ஒண்ணு சேத்துக்கறேன். அதுல பேட்டரி முன் டிக்கியில, டிக்கி பூட்டோ கரன்ட்ல வேலை செய்யும். பேட்டரி செத்துப் போச்சுன்னா டிரைவர் பக்க ஃப்யூஸ் பாக்ஸ்ல வெளிய இழுக்கற மாதிரி ஒரு முனை இருக்கு, அதுல வேற பேட்டரியோட பிளஸையும் கதவுப் பூட்டு மாட்டற இரும்புக் கொக்கியில மைனஸையும் குடுத்து ரிமோட்ல திறக்கணும். அலாரம் அலறும், பரவால்ல. வேலை முடியற வரைக்கும் அந்த டிக்கியை மட்டும் அமுக்கி மூடிடாதீங்க. மியாட்டாவுல அந்த கஷ்டம் இல்ல, சாவி போட்டாலே திறக்கும்.

குளிர் காலம் முழுக்க கராஜ்ல நிறுத்தறவங்க ஏஜிஎம் மோட் இருக்கற சின்ன மெயின்டெயினர் (சார்ஜ் இறங்காம பாத்துக்கற சார்ஜர்) ஒண்ணு வாங்கி மாட்டி விடுங்க. சார்ஜ் இறங்கிப்போன பேட்டரி உறைஞ்சே போகும், சார்ஜ் முழுசா இருக்கறது எங்க ஊர்க் குளிரைத் தாங்கிடும். நான் நவம்பர்ல மாட்டினா ஏப்ரல்லதான் எடுப்பேன், எடுக்கற அன்னிக்கு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கார்பெட்டை விலக்கி டியூப் இடத்துல இருக்கான்னு கையை விட்டுத் தொட்டுப் பாத்துடுவேன்.