பிரஷர் கொன்ட்ரோலில் பார்க்க வேண்டியது கனவளவை: ஐசியூவுக்குப் புதியவர்களுக்கு

திருகோணமலையில் ஐசியூ வேலைக்கு முதல் முறை வரும் தாதியத் தங்கைகள், தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். மூச்சுக் கொடுக்கும் மெசினான வென்ரிலேற்றரின் செற்றிங்கைத் தீர்மானிப்பது வைத்தியர். ஆனால் இரவு முழுக்கக் கட்டிலடியில் நிற்பது நாங்கள்.

பிரஷர் கொன்ட்ரோல் முறையில் மெசின் ஒவ்வொரு மூச்சுக்கும் நாம் சொன்ன அமுக்கத்தைக் கொடுத்து, நாம் சொன்ன நேரம்வரை வைத்திருக்கும். எவ்வளவு காற்றுப் போகும் என்பது நுரையீரலைப் பொறுத்தது. புதுப் பலூனையும் ஊதிப் பழகிய பலூனையும் ஒரே பலத்தில் ஊதினால், புதியதில் கொஞ்சம்தான் ஏறும்.

முதலில் உயரத்தை அளவெடுங்கள். உடல் எடை உதவாது, ஆள் பருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. உயரத்தில் 152.4 சென்ரிமீற்றருக்கு மேல் உள்ளதை 0.91 ஆல் பெருக்கி, பெண்ணென்றால் 45.5, ஆணென்றால் 50 கூட்டுங்கள். மூதூரிலிருந்து நிமோனியாவோடு 160 சென்ரிமீற்றர் உயரமான அம்மா ஒருவர் வந்தார் என்று வையுங்கள்: உயரத்துக்கேற்ற எடை 52.4 கிலோ. கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றர் என்றால், ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 315 முதல் 420. இதைத் தாளில் எழுதி மெசினில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது அமுக்கம். பீப் (மூச்சு வெளியே போன பின்னும் உள்ளே நிற்கும் அமுக்கம்) 5, அதற்கு மேல் 15, மொத்தம் 20 சென்ரிமீற்றர் நீர் என்று தொடங்கலாம். மெசின் கேட்பது பீப்புக்கு மேலுள்ளதையா, மொத்தத்தையா என்று கட்டாயம் பாருங்கள், மெசினுக்கு மெசின் மாறும். மொத்தம் 30ஐத் தாண்டாமல் வைக்கப் பார்ப்போம். உள்மூச்சு 1 செக்கன், நிமிடத்துக்கு 16 மூச்சு. ஒட்சிசனை ஒட்சிமீற்றரைப் பார்த்துக் குறைத்து வரலாம்.

இனித் திரையில் காற்றோட்டக் கோட்டைப் பாருங்கள். சட்டென்று ஏறி, சரிந்து இறங்கும். பூச்சியத்தைத் தொடுமுன் உள்மூச்சு முடிந்தால், நேரத்தைச் சற்றுக் கூட்டினால் இன்னும் காற்றுப் போகும். “மிஸ், மெசினா மூச்சு விடுது?” என்று வாசலில் சொந்தக்காரர் கேட்பார்கள். உள்ளே தள்ளுவதுதான் மெசின். வெளியே வருவது நெஞ்சு தானாகச் சுருங்குவதால். அந்த வெளிமூச்சுக் கோடு பூச்சியத்துக்குத் திரும்புமுன் அடுத்த மூச்சு தொடங்கினால் காற்று உள்ளே தேங்குகிறது. உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

அலாரத்தில்தான் மிகக் கவனம் வேண்டும். சளி அடைத்தாலும் வாய்வழியே மூச்சுக்குப் போட்ட ரியூப் மடிந்தாலும் அமுக்கம் அதே 20தான் காட்டும், மேலமுக்க அலாரம் அடிக்காமலே போகலாம். அம்மாவுக்குப் போன 380 மட்டும் 220 ஆகும். நிமிடத்துக்கு 6 லீற்றராக இருந்தது 3.5 ஆகும். காபனீரொட்சைட்டு ஏறும். எனவே வெளிமூச்சுக் கனவளவுக்கான கீழெல்லை அலாரத்தை நெருக்கமாக வையுங்கள். அடித்தால் முதலில் ஆளைப் பாருங்கள்: இரண்டு பக்க நெஞ்சும் எழும்புதா, ரியூப் பல்லடியில் அதே அளவில் நிற்குதா, சளி உறிஞ்சும் சக்ஷன் குழாய் தடையில்லாமல் இறங்குதா. எதுவும் சரிவராவிட்டால் மெசினைக் கழற்றி, ஒட்சிசனோடு கையால் அமுக்கும் அம்பு பையால் மூச்சுக் கொடுத்தபடி உதவிக்கு மற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

கனவளவுக்கான மேலெல்லை அலாரத்தையும் மறக்காதீர்கள். நிமோனியா தேறத் தேற அதே 15இல் 500 போகத் தொடங்கும். நல்ல செய்திதான், ஆனால் ஒட்டிய தாளில் 420 என்றுதானே இருக்கிறது. அமுக்கத்தைக் குறைக்கச் சொல்லி வைத்தியரைக் கூப்பிடும் நேரம் அது.